பன்னிரண்டு மடங்கு விலைக்கு என்ன கிடைக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக வாசிக்கிறீர்கள். கையில் இருப்பது இந்தோனேசியாவில் செய்த, ஸ்ட்ராட் வடிவ (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற) எலெக்ட்ரிக் கிட்டார். ஓப்பன் கார்டுகளில் (சில கம்பிகளை அழுத்தாமல் விட்டு வாசிக்கும் சுரக்கூட்டுகளில்) மூன்றாவது கம்பி எப்போதும் கொஞ்சம் ஏறியே ஒலிக்கிறது, ஒரு பெண்ட் அடித்தால் (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி இழுத்தால்) சுருதி விலகிவிடுகிறது, கழுத்துப் பகுதியான நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில், அதாவது ஃப்ரெட்டுகளில், பத்தாவதுக்கு மேல் கம்பி இரைகிறது. நண்பர் ஒருவர் சிறு பட்டறையில் செய்த பூட்டிக் கிட்டாரை ஒரு மாலை முழுக்க வாசிக்கக் கொடுத்திருக்கிறார். விலை உங்களுடையதைப்போல் பன்னிரண்டு மடங்கு. "விரல் தானாக ஓடியது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடம் பணம் சேர்த்து அப்படி ஒன்று வாங்கலாமா, அந்தப் பன்னிரண்டு மடங்கு எதற்குப் போகிறது, அல்லது இருப்பதற்கே பிக்கப் (கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மாற்றினால் போதுமா என்பதுதான் கேள்வி.

இப்போதைக்கு வாங்க வேண்டாம். அன்று மாலை உங்கள் விரல் உணர்ந்ததில் பெரும்பகுதி, ஃப்ரெட் முனைகளிலும் நட்டின் பள்ளங்களிலும் ஒரு மனிதர் அரத்தோடு உட்கார்ந்து செலவழித்த சில மணி நேரம். அந்த மணி நேரத்தைத் தனியாகவும் வாங்கலாம். பல வருடங்களாகக் கிட்டார்களைக் கழற்றிப் பூட்டுவதே வேலையாக இருப்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன்.

உங்கள் மூன்றாவது கம்பியிலிருந்தே தொடங்கலாம். நட் என்பது தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் அந்தச் சின்னப் பட்டை. விலை குறைந்த கிட்டார்களில் அதன் பள்ளங்களைப் பெரும்பாலும் சற்று மேடாகவே விட்டுவிடுவார்கள். பள்ளம் ஆழமாகிவிட்டால் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசி இரையும், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். மேடாக விட்டால் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. தனக்குத்தான் வாசிக்க வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த விஷயத்தில் பல சமயம் கூடம் உண்மையாகவே கோணல்.

மேடான பள்ளத்தில் இருக்கும் கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் அது கூடுதல் தூரம் இறங்க வேண்டும். இறங்கும்போது இழுபடும், இழுபட்டால் சுருதி ஏறும். மேலே வேறு கம்பி சுற்றப்படாத மூன்றாவது கம்பியில் இது மற்றக் கம்பிகளைவிடத் தெளிவாகக் காதில் உறுத்தும். சோதித்துப் பாருங்கள். கம்பியை அழுத்தாமல் மீட்டி டியூனரில் சரியாக வைத்துக்கொண்டு, பிறகு முதல் ஃப்ரெட்டை இயல்பாக அழுத்துங்கள். முள் வலப்பக்கம் ஓடினால் கோளாறு நட்டில். இன்னொரு சோதனையும் உண்டு: மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மயிரிழை அளவு இருந்தால் போதும். மடித்த தாள் நுழைகிறது என்றால் அரம் வேண்டும்.

பெண்டுக்குப் பிறகு சுருதி விலகுவதற்கும் சந்தேகம் முதலில் அதே இடத்தின் மேல்தான் விழ வேண்டும். தலைப்பக்கம் கம்பியை முறுக்கும் டியூனர் ஆணியைத் திருகும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கிறதா? பள்ளம் கம்பியைக் கவ்விக்கொண்டிருந்து சட்டென்று விடுகிறது என்று பொருள். இதற்கு டியூனர் ஆணிகளைத் திட்டி, கம்பியை இறுக்கிப் பிடிக்கும் லாக்கிங் டியூனர் வாங்கிப் பூட்டி, மறுபடியும் சுருதி விலகி நொந்துபோனவர்கள் நிறையப் பேர். பென்சிலைக் கூராக்கிப் பள்ளத்தில் நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். அதிலேயே நிலைமை மாறினால் நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது, நட்டைச் சரியாக அறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது, அந்த இரைச்சல். இங்கேதான் காசு எங்கே போகிறது என்பது நன்றாகப் புரியும். ஃப்ரெட்டுகள் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் இன்று மலிவுக்கும் உயர்வுக்கும் வித்தியாசமே கிடையாது. மீதமிருக்கும் கம்பி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட் வந்துவிடும். கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம் இந்தக் கணக்கை எந்த நாட்டில் வைத்தாலும் ஒரே மாதிரிதான் வெட்டும். வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. இருபத்தொன்றோ இருபத்திரண்டோ ஃப்ரெட்டுகளை அடித்து இறக்கிய பிறகு எல்லாத் தலைகளையும் ஒரே மட்டத்துக்கு ராவ வேண்டும். ராவியதில் தட்டையாகிப்போன உச்சிகளை மறுபடி ஒவ்வொன்றாக வளைவாக்க வேண்டும். பிறகு முனைகள், பக்கத்துக்கு இருபத்திரண்டு என்றால் நாற்பத்து நான்கு. ஒவ்வொன்றையும் கையில் குத்தாதபடி உருட்டி மெருகேற்ற வேண்டும். நிதானமாகச் செய்தால் அரை நாளுக்குக் குறையாது. அரை நாள் என்பது ஒரு பெரிய தொழிற்சாலைக்கு நினைத்துப் பார்க்க முடியாத நேரம்.

நெக் மரம் காய்வதும் இதில் சேரும். சரியாக உலராத மரம் கிட்டாராகிக் கப்பலேறி, வறண்ட இடத்துக்கு வந்து சேர்ந்ததும் சுருங்கும். உலோகம் சுருங்காது. நெக்கின் விளிம்பில் ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், கையை மேலும் கீழும் ஓட்டினால் ரம்பத்தில் தடவுவது போலிருக்கும். நண்பரின் கிட்டாரில் விரல் தானாக ஓடியதற்கு, அங்கே விரலைத் தடுக்க எதுவுமே இல்லாததுதான் காரணம்.

இந்த வேலையில் மனிதக் கைக்குப் பதிலாக இயந்திரமும் வந்துவிட்டது. பெர்லினில் உருவான பிளெக் என்ற இயந்திரம், கம்பி இழுவிசையோடு நெக்கை அளந்து எந்த ஃப்ரெட்டில் எவ்வளவு ராவ வேண்டும் என்று தானே கணக்கிட்டு ராவும். கிப்சன் போன்ற பெரிய தொழிற்சாலைகளும் பல சிறு பட்டறைகளும் பயன்படுத்துகின்றன. கைவேலை என்றாலே மேல் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது கசக்கும். எனக்குக் கசக்கவில்லை, மட்டம் மட்டமாக இருந்தால் சரி.

மலிவு கிட்டார்களைக் குறிக்கச் சொல்லும் 'இறக்குமதிக் கிட்டார்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அது அமெரிக்காவில் உட்கார்ந்து சொல்லப்பட்ட சொல். கிட்டார் செய்யாத நாட்டில் இருப்பவருக்கு இரண்டு வகையுமே இறக்குமதிதான். ஆனாலும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்ட இளக்காரம் மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்த இளக்காரத்துக்கு உரிய நாடு மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1970களில் அது ஜப்பான். ஹோஷினோ நிறுவனம் இபானெஸ் என்ற பெயரில் விற்ற கிட்டார்கள் மட்சுமோட்டோவில் ஃபுஜிஜென் தொழிற்சாலையில் தயாராயின. முதலில் கிப்சன், ஃபெண்டர் மாடல்களின் நகல்கள்தான். 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், இபானெஸின் அமெரிக்க விநியோக நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. வழக்கு எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? நெக்கின் தலை வடிவத்தைப் பற்றி. ஒலியைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை, தரக்குறைவாக இருந்திருந்தால் வழக்குக்கே அவசியம் இருந்திருக்காது என்பது என் எண்ணம். 1982இல் ஃபெண்டரே ஜப்பானுக்குப் போய் அதே ஃபுஜிஜென்னில் கிட்டார் செய்ய ஆரம்பித்தது, ஸ்குவையர் என்ற மலிவு வரிசை அப்போது பிறந்தது. அந்த முதல் ஜப்பானிய ஸ்குவையர்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

பிறகு இளக்காரம் கொரியாவுக்கு நகர்ந்தது, அங்கிருந்து சீனாவுக்கும் இந்தோனேசியாவுக்கும். அமெரிக்காவில் 1985இல் தொடங்கிய பி.ஆர்.எஸ். நிறுவனம் 2001இல் எஸ்.இ. என்ற மலிவு வரிசையைக் கொரியாவில் தொடங்கி, 2019இல் அதில் பெரும்பகுதியை இந்தோனேசியாவின் சுரபாயாவில் உள்ள கோர்-டெக் தொழிற்சாலைக்கு மாற்றியது. இபானெஸின் பல மாடல்களும் ஸ்குவையர்கள் சிலவும் அதே நிறுவனத்தின் கைவேலை. அதனால் தலையில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்துவிட்டு 'இது நல்லது, அது மட்டம்' என்று சண்டை போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே பிறந்திருக்கலாம். வேறுபடுவது, எந்த விலைக்கு எவ்வளவு நேரம் செலவழிக்க ஒப்பந்தம் போட்டார்கள் என்பது.

மலிவு எங்கிருந்து வருகிறது என்று பேசும்போது கூலியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2007இல் அதே கோர்-டெக் (கோர்ட் என்ற பெயரில் கிட்டார் விற்பவர்கள்) கொரியத் தொழிற்சாலைகளை மூடிவிட்டு உற்பத்தியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனபோது வேலை இழந்தவர்கள் தொடங்கிய போராட்டம் 2019இல்தான் உடன்பாட்டுக்கு வந்தது. பன்னிரண்டு மடங்கு என்ற அந்த இடைவெளியில் இவர்களுடைய கூலிக்கும், சிறு பட்டறைக்காரரின் கூலிக்கும் உள்ள வித்தியாசமும் இருக்கிறது. பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறை வருடத்துக்குச் சில நூறு கிட்டார்களுக்கு மேல் செய்ய முடியாது. தனி ஆளாகச் செய்பவர் என்றால் விரல்விட்டு எண்ணலாம். வாடகையும் இயந்திரமும் மரம் வாங்கி வருடக்கணக்கில் உலர வைக்கும் முதலீடும் அந்தச் சிலவற்றின் தலையில்தான் விழும். அவர் கொள்ளையடிக்கிறார் என்று சொல்வது தவறு, பலர் திணறிக்கொண்டுதான் நடத்துகிறார்கள். ஆனால் அவருடைய செலவு வேறு, உங்களுக்குக் கிடைக்கும் பயன் வேறு.

சரி, ஒலிக்கு வருவோம். சண்டை அதிகம் நடக்கும் இடம் இது.

எலெக்ட்ரிக் கிட்டார் பிறந்ததே தொழிற்சாலைப் பொருளாக. லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது, ரேடியோ பழுது பார்த்தவர். 1950இல் அவர் கொண்டுவந்த கிட்டாரின் பாடி ஒரு பலகை. நெக்கைப் பசைபோட்டு ஒட்டாமல் நான்கு திருகாணியில் முடுக்கினார், கெட்டுப்போனால் கழற்றி மாற்றலாம், வேகமாகச் செய்யலாம் என்று. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அதே வழிதான். இன்று சிறு பட்டறைகள் ஒவ்வொரு திருகாணியையும் பார்த்துப் பார்த்து மறுபடைப்புச் செய்யும் மாடல்களில் பெரும்பாலானவை, அந்தக் காலத்தில் சாதாரணத் தொழிலாளிகள் மாலை மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று செய்தவை.

பிக்கப்பிலும் அதே கதை. கிப்சனில் செத் லவர் 1955இல் ஹம்பக்கருக்கு (இரண்டு சுருள்களால் மின் இரைச்சலைக் குறைக்கும் பிக்கப்) காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1957இல் அது கிட்டார்களில் ஏறியது. அந்தக் கால ஹம்பக்கர்களில் செம்புக் கம்பியின் சுற்றுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது, காந்தமும் அன்று கைக்குக் கிடைத்த வகை. அன்றைய ஒழுங்கீனம் இன்று துல்லியமாக நகலெடுக்கப்பட்டு உயர்ந்த விலைக்கு விற்கிறது. இதை நினைத்து எனக்குச் சில சமயம் சிரிப்பு வரும்.

ஒற்றைச் சுருள் பிக்கப்புகளான சிங்கிள் காயில்களில், மலிவானவற்றில் இரும்புத் தூண்களுக்கு அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டையை ஒட்டியிருப்பார்கள். விலை கூடியவற்றில் அல்னிக்கோ என்ற உலோகக் கலவைக் காந்தமே தூண்களாக நிற்கும். ஒலியில் வித்தியாசம் உண்டு, செராமிக் வகை கொஞ்சம் கூர்மையாகக் குத்தும். அதற்காகச் செராமிக் என்றாலே மட்டம் என்று முடிவுகட்ட வேண்டாம். 1972இல் வந்து ராக் உலகையே கலக்கிய டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷனில் இருப்பதும் செராமிக்தான். உள்ளே வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் என்ற மின்தடையின் (சுருக்கமாக, பொட்) அளவு 250 கிலோ ஓமா 500 கிலோ ஓமா என்பது உயர் அதிர்வெண்களை நன்றாகவே மாற்றும். டோன் குமிழோடு இருக்கும் கெப்பாசிட்டரை அதே மதிப்பில் எண்ணெய்த் தாள் வகையாக வாங்கிப் போட்டால் என் காதுக்கு ஒன்றும் மாறுவதில்லை, பர்ஸ் மட்டும் இளைக்கிறது.

இதற்கெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பது ஆம்ப், கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி. கிட்டார் ஆம்பின் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை எல்லாம் வேகமாக வெட்டிவிடும். கிட்டாருக்குள் நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் அந்த வாசலைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ஒரே கிட்டாரை இரண்டு ஆம்பில் வாசித்தால் வரும் வித்தியாசத்தை, இரண்டு கிட்டார்களை ஒரே ஆம்பில் வாசித்துக் கொண்டுவருவது கடினம். நண்பரின் வீட்டில் நீங்கள் அவருடைய ஆம்பில்தானே வாசித்தீர்கள்? உங்கள் கிட்டாரையும் ஒருமுறை அதில் செருகிப் பாருங்கள்.

மரம்? பிக்கப் கம்பியின் அசைவை மட்டும்தான் பிடிக்கும், மரத்தின் குரல் அதன் காதில் விழாது. மரம் செய்யக்கூடியது, கம்பி அசையும் விதத்தைக் கொஞ்சம் மாற்றுவது. ஒருவர் இரண்டு மேசைகளுக்கு நடுவே கம்பிகளை இழுத்துக் கட்டி, பாடியே இல்லாமல் பிக்கப்பை மட்டும் சரியான இடத்தில் வைத்து வாசித்துக் காட்டினார். உண்மையான கிட்டாரிலிருந்து அதைப் பிரித்தறிவது சுலபமாக இல்லை. முழுக்கவே பங்கில்லை என்றும் சொல்ல மாட்டேன். திருகாணி நெக் கிட்டார்கள் பலவற்றில் மூன்றாவது கம்பியின் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஒரு சுரம் மட்டும் சீக்கிரமே செத்துவிடும். நெக்கின் இயல்பான அதிர்வு அந்தச் சுரத்தோடு ஒத்துப்போய் அதன் சக்தியை விழுங்குவதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால் இந்தக் குறை விலை பார்ப்பதில்லை, பூட்டிக் கிட்டாரிலும் வரும். ஃப்ரெட்டுகள் பதிந்திருக்கும் பலகை, அதாவது ஃப்ரெட்போர்டு, ரோஸ்வுட்டில் இல்லையே என்று வருந்துபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது, 2019 நவம்பரில் செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் லாரல், பாவ் ஃபெரோ என்ற வேறு மரங்களுக்கு மாறியதற்குக் காகித வேலைதான் காரணம், ஒலிக் குறைவு காரணமில்லை.

வயலின் உலகில் இதைக் கண்ணைக் கட்டியே சோதித்திருக்கிறார்கள். 2010இல் இண்டியானாபொலிஸில் 21 வயலின் கலைஞர்களிடம் மூன்று பழைய இத்தாலிய வயலின்களும் மூன்று புதியவையும் கொடுக்கப்பட்டன. பழையவற்றில் இரண்டு, உலகப் புகழ்பெற்ற ஸ்ட்ராடிவாரி செய்தவை. எது எது என்று தெரியாதபடி இருட்டுக் கண்ணாடி போட்டு வாசித்தார்கள். அதிகம் விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின், மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. மரப்பாடியே ஒலியை உண்டாக்கும் கருவியில் இந்தக் கதி என்றால், காந்தமும் ஸ்பீக்கரும் ஒலி எழுப்பும் கருவியைப் பற்றி நாம் இவ்வளவு உறுதியாகப் பேசுவது அதிகப்பிரசங்கம்தான்.

இந்த வாதத்தில் எப்போதும் யாராவது "குவீன் குழுவின் பிரையன் மே கணப்படுப்புச் சட்டத்திலேயே கிட்டார் செய்தாரே" என்று கிளம்புவார்கள். உண்மைதான். 1963இல் தொடங்கி அவரும் அப்பாவும் ஒரு பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தை நெக்காக்கி, மோட்டார்சைக்கிள் வால்வு ஸ்பிரிங்குகளைச் சுருதியை ஆட்டும் ட்ரெமலோவில் வைத்துச் செய்தார்கள். ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனும் 50 டாலர் பாடியையும் 80 டாலர் நெக்கையும் சேர்த்துத் தன் கிட்டாரைப் பூட்டினார். இவற்றை மலிவு கிட்டாருக்குச் சான்றாகக் காட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொருள் மலிவு, அதில் இறங்கிய நேரம் மலிவில்லை. பிரையன் மேயின் கிட்டார் வருடக்கணக்கில் உழைத்துச் செய்த ஒற்றைப் படைப்பு, அதைவிடப் பூட்டிக் எது? சரியான சான்று வேண்டுமானால் டான்எலக்ட்ரோ என்ற மலிவு அமெரிக்கக் கிட்டாரைச் சொல்லுங்கள். அழுத்திய மரத்தூள் பலகையில் பாடி, உதட்டுச்சாயக் குழாய்க்குள் பிக்கப். தபாலில் விற்கும் கடைகளுக்கும் செய்து கொடுத்தார்கள். லெட் செப்பெலினின் ஜிம்மி பேஜ் அதை மேடையேற்றினார்.

இவ்வளவு சொன்னதால் பூட்டிக் கிட்டார் ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே உண்மையாகவே கிடைக்கும் சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை காதுக்குக் கேட்காது. நெக்கின் தடிமனை உங்கள் கைக்குத் தகுந்தபடி செதுக்கச் சொல்லலாம். கை சிறியவர்களுக்கும் மணிக்கட்டில் வலி உள்ளவர்களுக்கும் இது ஆடம்பரமில்லை, தேவை. துருப்பிடிக்காத எஃகு ஃப்ரெட்டுகள் வழக்கமான நிக்கல் சில்வரைவிட மிக மெதுவாகத் தேயும். (நிக்கல் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம்தான்.) அவற்றை ராவும்போது கருவிகள் சீக்கிரம் மழுங்கும், அதற்கான கூலியையும் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். நன்கு உலர்ந்த மரத்தில் நெக் பருவம் மாறினாலும் அசையாமல் நிற்கும். வாரத்துக்கு நான்கு மேடை ஏறுபவருக்கு இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம். சூர், டாம் ஆண்டர்சன் போன்றவர்களின் கிட்டார்களில் நான் மதிப்பது ஒலியைவிட இந்தச் சீரான தன்மையை. எதை எடுத்தாலும் அது சரியாக இருக்கும்.

எல்லாப் பட்டறையும் அப்படி என்றில்லை. என் மேசைக்கு ஒருமுறை வந்த ஒரு கிட்டாரின் விலையில் உங்களுடையதைப் போல் பதினைந்து வாங்கலாம். மேலே புலிக்கோடு போட்ட மேப்பிள், கண்ணை எடுக்க முடியாது. நெக் உட்காரும் பள்ளத்தில் ஒரு பக்கம் நகம் நுழையும் இடைவெளி, முதல் கம்பி நெக்கின் ஓரத்திலிருந்து வழுக்கி விழுந்துகொண்டிருந்தது. வாங்கியவர் ஒரு வருடம் அதைத் தன் விரலின் குறை என்றே நினைத்திருந்தார். விலை அதிகமானால் நம் சந்தேகம் கிட்டாரிலிருந்து நம் பக்கம் திரும்பிவிடுகிறது.

மலிவுக்கும் ஒரு தரைமட்டம் உண்டு. நெக் முறுக்கிக்கொண்டிருந்தால் அதை யாராலும் லாபகரமாகச் சரிசெய்ய முடியாது. பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடித் தலைப்பக்கம் பாருங்கள், இரண்டு விளிம்புகளும் ஒரே மாதிரி வளைந்தால் நல்லது. ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் போனால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற கம்பி இனி இறுக்க இடமில்லாமல் முட்டி நின்றாலும் அதே தீர்ப்பு. மற்றவை எல்லாம், கரகரக்கும் பொட், விட்டுவிட்டு வேலை செய்யும் சுவிட்ச், மெத்தென்ற துத்தநாக பிரிட்ஜ், சில்லறைச் செலவில் மாற்றக்கூடியவை. கெட்டியான பிளாஸ்டிக் பூச்சு, மேலே ஒட்டிய மெல்லிய மேப்பிள் தோல், மூன்று நான்கு துண்டு சேர்த்த பாடி இவற்றையெல்லாம் நான் குறையாகவே எண்ணுவதில்லை.

உங்கள் நிலையில் இருந்தால் நான் செய்வது இதுதான். கிட்டாரை நல்ல பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய், 'செட்டப்' என்று ஒற்றைச் சொல்லில் விட்டுவிடாமல், மூன்று வேலைகளைப் பெயர் சொல்லிக் கேட்பேன்: ஃப்ரெட்டுகளை மட்டப்படுத்தி வளைவாக்குவது, முனைகளை உருட்டுவது, எலும்பு நட் புதிதாக அறுத்துப் பொருத்துவது. வெறும் செட்டப் என்றால் பலர் கம்பி மாற்றி, ட்ரஸ் ராடைத் திருகிக் கொடுத்துவிடுவார்கள். வேலை முடிந்து வரும்போது ஆறாவது கம்பி பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் 2 மில்லிமீட்டருக்குள்ளும், முதல் கம்பி ஒன்றரை மில்லிமீட்டர் அருகிலும் இரைச்சல் இல்லாமல் நிற்க வேண்டும். நெக்கின் நடுவில் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் குழிவு இருந்தால் போதும். நண்பரின் கிட்டாரிலும் இதே அளவுகளை ஒரு சிறிய இரும்பு அளவுகோல் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள், "இப்படி வேண்டும்" என்று காட்டலாம். இந்தச் செலவு உங்கள் கிட்டார் விலையின் ஒரு பங்காக உறுத்தும். பன்னிரண்டு மடங்கோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகும் ஆறு மாதம் வாசியுங்கள். அப்போது குறை என்று எதையாவது உங்களால் வாய்விட்டுச் சொல்ல முடிந்தால், நெக் தடிமனாக இருக்கிறது, எடை தோளை அழுத்துகிறது, ஹம்பக்கர் வேண்டும், இப்படி ஏதாவது, அந்தக் குறைக்கு மருந்தாக அடுத்த கிட்டாரைத் தேடலாம். அப்போதும் நேரே பூட்டிக் கிட்டாருக்குத் தாவ வேண்டியதில்லை. ஒருவர் பயன்படுத்திய ஜப்பானியக் கிட்டார்களும், மெக்சிகோவின் என்செனாடாவில் செய்த ஃபெண்டர்களும், பி.ஆர்.எஸ். எஸ்.இ.க்களும் இடைப்பட்ட விலையில் கிடைக்கும். நான் சொந்தக் காசில் வாங்குபவை பெரும்பாலும் இந்த ரகம்தான். அதிகம் அறியப்படாத சிறு பட்டறைக் கிட்டாரை விற்கப் போனால் போட்ட காசில் பெரிய துண்டு போய்விடும். அதே காரணத்தால் இன்னொருவர் விற்கும்போது வாங்குவது நல்ல யோசனை.

கடைசியாக பிக்கப். நட்டும் ஃப்ரெட்டும் சரியாகும்வரை தொடாதீர்கள். சரியான பிறகு முதலில் இருக்கிற பிக்கப்பையே திருகாணியால் கொஞ்சம் கீழே இறக்கிப் பாருங்கள். மலிவு கிட்டார்களில் சத்தம் பெரிதாகக் கேட்கட்டும் என்று கம்பிக்கு மிக அருகில் ஏற்றி வைத்திருப்பார்கள். ஸ்ட்ராட் வகையில் அந்தக் காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதியைக் கலைத்து ஒரு நடுக்கத்தை உண்டாக்கும். கடைசி ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்திக்கொண்டு, கம்பிக்கும் காந்தத் தூணுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் வரும்வரை இறக்குங்கள், பிறகு காதால் கேட்டு ஏற்றிக்கொள்ளலாம். ஒரு ஸ்க்ரூடிரைவரும் பத்து நிமிடமும் போதும்.